அறுவடை மெஷின் வேலையைப் பிரித்துக் கொடுக்க எந்த ஆப்?

மன்னார்குடிக்காரன்:
நெல் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறோம். டிரைவர், மெக்கானிக், கணக்குப்பிள்ளை சேர்த்து 8 பேர். குறுவை அறுப்பு வந்தால் வாட்ஸ்அப் குரூப் சந்தைக்கடைதான். ‘நாளைக்கு வடுவூர்’ என்ற மெசேஜ் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும். வேலையைப் பட்டியல் போட்டுப் பார்க்கும் ஆப்களில் ட்ரெல்லோவா, ஜிராவா? காசு கட்டுகிற நிலையில் இல்லை.

பதில் 1:
இரண்டும் அட்லாசியன் கம்பெனியுடையதுதான். 10 பேர் வரை இலவசம். ஜிரா சாஃப்ட்வேர் ஆட்களுக்குச் சரி. உங்கள் டிரைவர்கள் ஓடிவிடுவார்கள். ட்ரெல்லோவில் வயலுக்கு ஒரு கார்டு: வயல்காரர் நம்பர், எத்தனை மா நிலம், டயர் வண்டியா பெல்ட் வண்டியா. அறுத்து முடித்ததும் கார்டை ‘முடிந்தது’ என்ற பட்டியலுக்குத் தள்ளுங்கள்.

பதில் 2:
வயலில் டவர் கிடைக்காதே?

பதில் 1:
மொபைல் ஆப்பில் நெட் இல்லாமலும் மாற்றலாம். அப்புறம் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

மன்னார்குடிக்காரன்:
சரி, ட்ரெல்லோதான். கார்டு நகர்த்துவதைக் கணக்குப்பிள்ளையிடம் விடுகிறேன். ஒரு மழை பெய்தால் பாதித் தேதி மாறும். ஆளாளுக்குக் கை வைத்தால் விளங்காது.