தானா வரும் நினைவுகளைப் பதிவு பண்ண மல்லிகைப்பூ சரிவருமா?

வைகைக்கரை:
எம்.ஏ. உளவியல் புராஜெக்ட். தேடாமலே தலைகாட்டுற பழைய நினைவுகளையும், அதே மாதிரி வர்ற வருங்காலக் காட்சிகளையும் பத்து பேரிடம் ஒரு வாரம் பதியணும். மதுரைங்கிறதால தூண்டலுக்கு மல்லிகை கொடுக்கலாமா? ரெண்டுக்கும் ஒரே நோட்டு போதுமா?

தெப்பக்குளம்:
மல்லிகை வேண்டாங்க. இந்த ஊர்ல அந்த வாசனையோட கல்யாணம், கோயில், பஸ்ல முன்சீட்டுக் கொண்டைன்னு நூறு நினைவு ஒட்டியிருக்கும். ஒண்ணை ஒண்ணு முட்டிக்கிட்டு எதுவும் மேல வராது. வேற எங்கேயும் வராத வாடை, பழைய வாடகை வீட்டுக் கிணத்துப் பாசி மாதிரி, ஒரே நாளை அப்படியே இழுத்துட்டு வரும். அதுபோக, பூவைக் கையில கொடுத்தாலே ஆள் தேட ஆரம்பிச்சிருவார். தேடி எடுத்தா அது தானா வந்த நினைவு இல்ல. தூண்டல் எதுன்னு அவங்களே குறிக்கட்டும்.

சட்டைப்பை நோட்டு கொடுங்க. வந்த உடனே நாலு வார்த்தை: என்ன வந்தது, கை என்ன செஞ்சுட்டு இருந்தது, எதைப் பார்த்து அல்லது முகர்ந்து வந்தது. விரிவான படிவம் ராத்திரிக்கு. பகல்ல நோட்டைக் காலியா விட்டா ராத்திரி யோசிச்சு நிரப்புவாங்க, அங்கதான் டேட்டா கெடும். பாத்திரம் கழுவுறப்போ, பஸ்ல நிக்கிறப்போ மாதிரி கவனம் தளர்ந்த நேரத்துலதான் நிறைய வரும்.

தல்லாகுளம்:
நோட்டுல எழுதுறதுக்கு நாளுக்கு ரெண்டு நினைவுன்னு வரம்பு வைங்க. டென்மார்க்ல உளவியலாளர் டார்த்தே பெர்ன்ட்சன் 1996 ஆய்வுல அப்படித்தான் வச்சார். ஆனா அந்த நோட்டை வச்சு 'ஒரு நாளைக்கு இத்தனை வருது'ன்னு எழுதிராதீங்க. எண்ணிக்கை வேணும்னா, கூட்டம் எண்ணுற கை கவுன்ட்டரைத் தனியா ஒரு நாள் கொடுங்க.

வருங்காலத்துக்கு வேற நிற அட்டை. 'நாளைக்கு கேஸ் புக் பண்ணணும்' கணக்கில் சேராது, அது வேலை நினைப்பு. இடம், ஆள், வெளிச்சம்னு காட்சி இருக்கணும்: அடுத்த சித்திரையில ஆத்துக்குள்ள எங்க நிக்கிறோம்ங்கிற மாதிரி. ரெண்டையும் சேர்த்துப் படிக்கக் காரணம் இருக்கு. 2007ல் டெமிஸ் ஹசாபிஸ் குழு, ஹிப்போகேம்பஸ் (மூளையில நினைவுக்கு முக்கியமான பகுதி) பழுதாகி நினைவிழந்தவங்களைப் புதுக் காட்சி ஒண்ணைக் கற்பனை பண்ணச் சொன்னாங்க. பெரும்பாலானவங்களுக்குத் துண்டு துண்டாத்தான் வந்தது. பழசை நினைக்கிறதும் வராததைக் கற்பனை பண்றதும் ஒட்டியிருக்குன்னு அதுல தெரியுது.

வைகைக்கரை:
அட்டையில 'இதே காட்சி முன்னாடி வந்திருக்கா'ன்னு கேட்கணுமா?

தல்லாகுளம்:
கண்டிப்பா. முன்னமே யோசிச்சு வச்ச காட்சிதான் பல நேரம் திரும்ப வரும். 'அப்போ வேணும்னே யோசிச்சதா?'ன்னு பக்கத்துலயே இன்னொரு கட்டம் போடுங்க.