புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து சிஸ்டம் ஆஃப் ஆகிறது, அவசரம்

கல்யாண_கேமரா (வியாழன், இரவு 8.40)
வணக்கம் நண்பர்களே. போன வாரம் கிராபிக்ஸ் கார்டு மாற்றினேன். அதிலிருந்து சிஸ்டம் திடீர் திடீரென்று ஆஃப் ஆகிறது. முன்பு இந்தத் தொல்லையே கிடையாது. சனிக்கிழமை ஒரு வரவேற்பு வீடியோ கொடுத்தாக வேண்டும், எக்ஸ்போர்ட் பாதியில் நின்று போகிறது. மற்றதெல்லாம் நல்ல பார்ட்ஸ்தான். கார்டு கொடுத்தவரைக் கேட்டால் கார்டில் ஒன்றும் இல்லை என்கிறார். யாராவது சொல்லுங்கள், அவசரம்.

ரிச்சி_தெரு_வாசி (8.52)
என்ன கார்டு? எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) என்ன, எத்தனை வாட்? ப்ராசஸர், போர்டு? "நல்ல பார்ட்ஸ்" என்று ஒரு மாடலை நான் இதுவரை எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

ராம்_பைத்தியம் (8.55)
ராம்தான். கார்டு போடும்போது கை பட்டு ஒரு பக்கம் கிளம்பியிருக்கும். இரண்டையும் கழற்றி, தங்க நிறக் காலைப் பென்சில் ரப்பரால் துடைத்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போடுங்கள். பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். என் சிஸ்டத்தில் இதனால்தான் சரியானது.

சர்க்யூட்_சாமி (9.10)
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். கார்டுக்கு இருபதாயிரம் செலவு செய்ய மனம் வருகிறது, எஸ்எம்பிஎஸ் பற்றிப் பத்து நிமிடம் படிக்க வருவதில்லை. பவர் பிரச்சினை. 750 வாட் கோல்டு தர எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள், தம்பி. அடுத்த கேள்வி.

ரிச்சி_தெரு_வாசி (9.14)
சாமி, அவரிடம் என்ன எஸ்எம்பிஎஸ் இருக்கிறது என்று இன்னும் யாருக்குமே தெரியாது.

கல்யாண_கேமரா (9.50)
மன்னிக்கவும், சாப்பிடப் போயிருந்தேன். ரைசன் 5 5600, பி450 போர்டு, 16 ஜிபி ராம். எஸ்எம்பிஎஸ் 550 வாட், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத் தரம்), வாங்கி மூன்று வருடம். முன்பு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இருந்தது. இப்போது ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. செகண்ட் ஹேண்ட்.
ராமைத் துடைத்துப் போட்டேன் அண்ணா, மறுபடி ஆஃப் ஆனது.

பழைய_இரும்பு (9.53)
செகண்ட் ஹேண்ட் 3060! அதை முதலிலேயே சொல்லக் கூடாதா? கிரிப்டோ நாணய மைனிங்கில் இரவு பகலாக வெந்த கார்டு அது. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியதும் மைனிங் செய்தவர்கள் எல்லோரும் மூட்டை மூட்டையாகத் தள்ளிவிட்டார்கள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரிச்சி_தெரு_வாசி (9.58)
3060 வெளிவந்ததே மைனிங் வேகத்தைப் பாதியாக்கும் பூட்டோடுதான், 2021 பிப்ரவரியில். விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் கார்டு கிடைக்கட்டும் என்று போட்ட பூட்டு.

பழைய_இரும்பு (10.01)
அடுத்த மாதமே 3060-ஐ வெளியிட்ட என்விடியாவே ஒரு சோதனை டிரைவரை வெளியிட்டு, தன் பூட்டைத் தானே தவறுதலாகத் திறந்துவிட்டது. அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பீஸ்கட்டை (10.05)
கல்யாண_கேமரா, ஒரு சந்தேகம். ஆஃப் ஆகிறது என்றால் எப்படி? கேபினெட் மட்டும் அணைந்து மானிட்டரில் 'நோ சிக்னல்' வருகிறதா, அல்லது மானிட்டரின் சிறு விளக்கும் சேர்ந்தே அணைகிறதா? தானாகத் திரும்ப வருகிறதா? எந்தெந்த நேரத்தில் ஆனது என்று நினைவிருக்கிறதா?

குளிர்காற்று (10.06)
ப்ராசஸர் மேல் சூடு கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் மாற்றி எத்தனை நாள் ஆகிறது? கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேன் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

சர்க்யூட்_சாமி (10.15)
550 ப்ரான்ஸ் என்று தெரிந்துவிட்டது. நான் சொன்னது சரி. 80 ப்ளஸ் என்பது கரண்ட் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்றிதழ் மட்டுமே, உள்ளே இருக்கும் பொருளின் தரத்துக்கு அது பொறுப்பில்லை. அந்தச் சோதனையும் 23 டிகிரி அறையில் நடப்பது. நம் ஊரில் மே மாதம் கேபினெட்டுக்குள் என்ன வெயில் என்று எனக்குத் தெரியும். போதாததற்கு இந்தக் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எழுதியிருக்கும் வாட்டைத் தாண்டித் துள்ளும்.

ரிச்சி_தெரு_வாசி (10.22)
துள்ளும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 3060-க்கு 170 வாட், என்விடியா கேட்பதே 550 வாட் எஸ்எம்பிஎஸ்தான். 5600 முழு மூச்சில் ஓடினாலும் 76 வாட்டுக்கு மேல் போகாது. கணக்குப்படி தாராளம்.
கல்யாண_கேமரா, கார்டின் எட்டு முள் சாக்கெட்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த வயரைப் போட்டீர்களா, அல்லது பழைய ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டர் ஏதாவது? கன்வெர்ட்டர் என்றால் இப்போதே கழற்றுங்கள். அது உருகுகிற சாதி.

நீலத்திரை (10.25)
விண்டோஸ் கோளாறுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் என்ன காட்டுகிறது? எனக்கென்னவோ விண்டோஸ் திரும்பப் போட்டால் சரியாகும் என்று தோன்றுகிறது. பழைய டிரைவர் ஒழுங்காக நீங்கியிருக்காது.

பழைய_இரும்பு (10.31)
டிரைவரும் இல்லை, வயரும் இல்லை. வாங்கியது பிணம்.

ரிச்சி_தெரு_வாசி (10.36)
மைனிங் கார்டு எல்லாமே பிணம் இல்லை. மைனிங் செய்பவன் கரண்ட் பில்லுக்குப் பயந்து கார்டின் பவரைக் குறைத்து, ஒரே வெப்பத்தில் வைத்து ஓட்டுவான். சூடாகி ஆறி, சூடாகி ஆறி என்று இருக்கும் விளையாட்டுக் கார்டைவிட சிப்புக்கு அது நல்லது. தேய்வது ஃபேன், காய்வது சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட். இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய_இரும்பு (10.38)
சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்பவர் இப்படித்தான் பேசுவார்.

ரிச்சி_தெரு_வாசி (10.39)
நான் விற்பவன் இல்லை. பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறேன். பெயருக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

கல்யாண_கேமரா (வெள்ளி, காலை 7.20)
கார்டின் வயர் எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்ததுதான், 6+2. ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பாக வரிசையாக இருக்கிறது. பக்செக் கோடு 0. டெம்பரேச்சர் பார்த்தேன், கார்டு 68, ப்ராசஸர் 74.
பீஸ்கட்டை அண்ணா, மானிட்டர் இரண்டும் சேர்ந்தே அணைகின்றன. தானாக வராது. நான்தான் யூபிஎஸ் பட்டனை அமுக்கித் திரும்பப் போடுவேன்.

ரிச்சி_தெரு_வாசி (7.24)
யூபிஎஸ்ஸா?

பீஸ்கட்டை (7.25)
ஆக, யூபிஎஸ் இருக்கிறது.

கல்யாண_கேமரா (7.31)
ஆமாம். அது கம்ப்யூட்டர் பார்ட் இல்லையே என்று எழுதவில்லை.

பீஸ்கட்டை (7.48)
பரவாயில்லை. கெர்னல் பவர் 41, கோடு 0 என்றால் விண்டோஸ் சொல்வது இதுதான்: "எனக்கு ஒன்றும் தெரியாது, கரண்ட் போனது." விண்டோஸே விழுந்திருந்தால் அங்கே 0 அல்லாத ஓர் எண் பெரும்பாலும் இருந்திருக்கும். எஸ்எம்பிஎஸ் விழுந்திருந்தால் கேபினெட் அணையும், மானிட்டர் விளக்கு எரியும். உங்களுக்கு மானிட்டரும் சேர்ந்து போகிறது. அப்படியென்றால் கோளாறு கேபினெட்டுக்குள்ளேயே இல்லை.
யூபிஎஸ் எத்தனை விஏ? எப்போது வாங்கியது? பேட்டரி மாற்றியதுண்டா? அதில் வேறு என்னவெல்லாம் மாட்டியிருக்கிறீர்கள்? நேரத்தையும் இன்னும் சொல்லவில்லை.

புதுமுகம்_77 (7.50)
பயாஸ் அப்டேட் செய்தீர்களா? பி450-க்கு அவசியம்.

கல்யாண_கேமரா (8.15)
600 விஏ. வாங்கி நான்கு வருடம் இருக்கும். பேட்டரி மாற்றியதில்லை. இரண்டு மானிட்டர், ரௌட்டர், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. நேரம் யோசித்துப் பார்த்தால் மாலை ஆறரை ஏழுக்குள் அதிகம். நேற்று ராமைத் துடைத்தபிறகு ஆனது இரவு ஒன்பதரை. மத்தியானம் மூன்று மணி நேரம் ஓடினாலும் ஒன்றும் ஆகாது, அதுதான் புரியவில்லை.

பீஸ்கட்டை (8.20)
வீட்டில் தண்ணீர் மோட்டார் எப்போது போடுவார்கள்?

கல்யாண_கேமரா (8.34)
அட. கீழ் வீட்டு ஓனர் சாயங்காலம் ஆறரைக்குப் போடுவார். நேற்று டேங்க் காலி என்று ராத்திரியும் போட்டார். மோட்டார் கிளம்பும்போது ட்யூப்லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும், யூபிஎஸ் 'டிக்' என்று சத்தம் போடும். அது எப்போதும் உள்ளதுதான்.

பீஸ்கட்டை (9.02)
அந்த 'டிக்' தான் விஷயம். மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். யூபிஎஸ் உடனே பேட்டரிக்குத் தாவும். இனி கணக்குப் பாருங்கள். 600 விஏ என்பது 600 வாட் இல்லை. பின்னால் ஸ்டிக்கரைப் பார்த்தால் பெரும்பாலும் 360 வாட் என்று இருக்கும். கார்டு 170, ப்ராசஸர் 76, போர்டும் டிஸ்க்கும் ஃபேனும் ஒரு 40. எஸ்எம்பிஎஸ் வீணாக்குவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து இழுப்பது 335 பக்கம் வரும். மானிட்டர் இரண்டுக்கும் 50. மொத்தம் 385. பழைய 1050 டிஐ 75 வாட் கார்டு, அப்போது எல்லாம் சேர்த்து 275தான். தப்பித்துக்கொண்டிருந்தீர்கள்.
கரண்ட் ஒழுங்காக வரும்வரை யூபிஎஸ் அதை அப்படியே கடத்திவிடும், அதனால்தான் மத்தியானம் ஒன்றும் ஆவதில்லை. பேட்டரிக்குத் தாவியதும் பாரம் தாங்காமல் மொத்தமாக விட்டுவிடுகிறது. பேட்டரிக்கும் நான்கு வயது. சாதாரண 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இரண்டு மூன்று வருடம் உழைத்தாலே பெரிது.
ஒரு சோதனை. எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு, எதுவும் ஓடாத நிலையில், சுவரில் யூபிஎஸ் சுவிட்சை அணையுங்கள். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள்.

கல்யாண_கேமரா (9.15)
நிமிடமா? சுவிட்சை அணைத்த நொடியே எல்லாம் போச்சு.

சர்க்யூட்_சாமி (9.20)
பவர் பிரச்சினை என்று நேற்று இரவு முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

ரிச்சி_தெரு_வாசி (9.22)
750 வாட் கோல்டு வாங்கச் சொன்னீர்கள் சாமி. வாங்கியிருந்தால் அதுவும் மோட்டாரோடு சேர்ந்து அணைந்திருக்கும்.

சர்க்யூட்_சாமி (9.30)
தரமான எஸ்எம்பிஎஸ் எப்போதும் வீண்போகாது. அது இருக்கட்டும். விலை குறைந்த யூபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது சுவர் கரண்ட் மாதிரி வழவழப்பான சைன் அலை தராது, படிக்கட்டு மாதிரி ஓர் அலை தரும். ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது. புது யூபிஎஸ் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள், தம்பி. (இதையாவது ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.)

ரிச்சி_தெரு_வாசி (9.33)
இதை ஒப்புக்கொள்கிறேன்.

பீஸ்கட்டை (9.40)
நாளைக்குள் வீடியோ கொடுக்க வேண்டும் என்பதால் இப்போதைக்கு யூபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு, எர்த் உள்ள மூன்று முள் பிளக்கில் சிஸ்டத்தை நேராகச் சுவரில் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 100-240 வோல்ட் என்று இருந்தால் மோட்டார் கிளம்பும் சிமிட்டல் அதை ஒன்றும் செய்யாது. ட்யூப்லைட்தான் சிமிட்டும். கரண்டே போனால் போனதுதான், அடிக்கடி சேவ் செய்துகொள்ளுங்கள். ரௌட்டர் மட்டும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும்.
அப்புறம் பேட்டரி மட்டும் மாற்றினால் போதாது, பாரம் அதே பாரம்தான். 1100 விஏ பக்கம் பாருங்கள், பின்னால் வாட் எத்தனை என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

ராம்_பைத்தியம் (9.44)
எதற்கும் எக்ஸ்எம்பியை எடுத்தே வையுங்கள்.

தென்காசி_சாரல் (11.10)
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது. அதுவும் யூபிஎஸ்ஸா?

பீஸ்கட்டை (11.25)
அது எர்த். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபில்டர் கெபாசிட்டர்கள் இருக்கும், எர்த் வயர் வேலை செய்யாவிட்டால் கேபினெட் தகட்டில் சுமார் 115 வோல்ட் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு போகும், ஆனாலும் அப்படியே விடக் கூடாது. ரப்பர் செருப்பு போட்டுக்கொள்வது தீர்வில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எர்த்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கல்யாண_கேமரா (சனி, மாலை 7.05)
நேராகச் சுவரில் போட்டேன். மோட்டார் போட்டார்கள், லைட் சிமிட்டியது, எக்ஸ்போர்ட் நிற்கவில்லை. பென் டிரைவ் கொடுத்தாயிற்று. நன்றி அண்ணா. மண்டபத்தில் இருக்கிறேன், அப்புறம் வருகிறேன்.

பழைய_இரும்பு (7.40)
நல்லது. ஆனாலும் அந்தக் கார்டின் மெமரி எவ்வளவு சூடாகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மைனிங் கார்டு என்றால் அங்கே தெரியும்.

ரிச்சி_தெரு_வாசி (7.46)
3060-இல் மெமரி வெப்பத்தைக் காட்டாது. அதில் இருப்பது ஜிடிடிஆர்6 ரக மெமரி. இந்த 3000 வரிசையில் ஜிடிடிஆர்6எக்ஸ் போட்ட கார்டுகளில்தான் அந்த எண் தெரியும்.

பழைய_இரும்பு (7.47)
காட்டாவிட்டால் சூடாகவில்லை என்று ஆகிவிடுமா?