தங்கி ஆய்வு செய்யும் நல்கை: எதற்கு விண்ணப்பிப்பது?

கேள்வி: பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசுக் கால) மட்பாண்டங்கள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டை நூலாக்க ஓராண்டு நல்கை தேவை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கெட்டி ஆய்வு நிறுவனமா, டம்பார்ட்டன் ஓக்ஸ் ஆய்வு மையமா?

பதில் 1: டம்பார்ட்டன் ஓக்ஸ்தான். வாஷிங்டனில் உள்ள அந்த மையத்தின் மூன்று துறைகளில் பைசாந்தியமும் ஒன்று. கெட்டியில் ஆண்டுதோறும் கருப்பொருள் அறிவிப்பார்கள். அதற்குள் வலிந்து நுழைத்த முன்மொழிவு முதல் பத்தியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

பதில் 2: இது அகழாய்வுக்கான பணமல்ல, எழுதுவதற்கான பணம். களப்பணி பாக்கி என்றால் தட்டிக்கழிப்பார்கள். மட்பாண்ட ஓடுகளின் அட்டவணையும் வரைபடங்களும் தயார், இன்னின்ன மாதத்தில் இன்னின்ன இயல் என்று எழுதுங்கள். டம்பார்ட்டன் ஓக்ஸில் உள்ள எந்தத் தொகுப்பு தேவை என்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். உங்கள் ஓடுகளின் காலக்கணிப்புக்கு அவர்களிடமுள்ள பைசாந்திய ஈய முத்திரைகள் உதவுமானால், எப்படி என்று ஒரு பத்தியாவது விளக்குங்கள். நூலகம் நல்லது என்று மட்டும் எழுதினால் எடுபடாது.

பதில் 3: பரிந்துரைக் கடிதத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஆறு வாரம் முன்பே முன்மொழிவு வரைவோடு கேளுங்கள். பரிந்துரைப்பவர் வரைவைப் பார்க்காமல் எழுதினால் பொதுப்படையான பாராட்டுதான் வரும்.