நாவலில் கிடைக்கிற எங்கட ஊர் நினைவுக்குறிப்புகளில் ஏன் கிடைப்பதில்லை?

வாவிக்கரை (கல்லடி)

வணக்கம். மாரி தொடங்கியதில் இருந்து வேலை முடிந்து வந்தால் எனக்கு வாசிப்புத்தான், கரண்ட் போன இரவுகளில் டோர்ச் வைத்தும் வாசித்தேன், இரண்டு மாதத்தில் மூன்று நாவலும் மூன்று நினைவுக்குறிப்பும் முடிந்தன. முடித்த பிறகு ஒரு கேள்வி மனதைக் கிடந்து அரிக்கிறது.

விமல் குழந்தைவேலின் கசகறணம்தான் என்னை ஆகக் கூடுதலாகப் பிடித்து வைத்தது. அக்கரைப்பற்றில் தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சந்தையில் யாவாரம் செய்த காலம் எப்படி உடைந்தது என்பதுதான் கதை. ஆனால் கதையை விட அந்தப் பேச்சு! முதல் இருபது பக்கம் எனக்கே தடக்கியது, நான் மட்டக்களப்புக் கல்லடியில் பிறந்தவள், அக்கரைப்பற்றுப் பேச்சு எங்களுடையதில் இருந்து கொஞ்சம் விலகித்தான் இருக்கும். ஒரு பின்னேரம் பெத்தாவுக்கு (பாட்டிக்கு) சத்தமாக வாசித்துக் காட்டினேன். பெத்தா முற்றத்தில் பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தா. ஒரு வசனத்தில் நான் நிறுத்தின இடம் பிழை என்று சொல்லி, பாயில் இருந்து கையை எடுக்காமலே, அதே வசனத்தைத் தன்னுடைய இழுவையில் திருப்பிச் சொன்னா. நான் கோபம் என்று வாசித்தது உண்மையில் கெஞ்சல் என்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்தது ஸர்மிளா ஸெய்யித்தின் உம்மத். புலிகள் இயக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த யோகா, தெய்வானை, அவர்களுக்காக ஓடித் திரிகிற தவக்குல். திரும்பி வந்த பெண்ணைச் சொந்தச் சனமே எப்படிப் பார்க்கிறது என்பதை இவ்வளவு நேராக நான் வேறு எங்கும் வாசிக்கவில்லை. சில இடங்களில் பாத்திரங்கள் கூட்டத்தில் பேசுவது போலப் பேசுகிறார்கள், அது எனக்குக் குறை. ஷோபாசக்தியின் இச்சா (2019) கெட்டிக்காரத்தனமான நாவல், ஆலாவின் சிறை நாட்கள் நெஞ்சை அடைத்தன, ஆனால் போகப் போக எழுத்தாளர் ஆலாவுக்கு முன்னால் வந்து நிற்கிறார் என்று எனக்குப் பட்டது.

சரி, நினைவுக்குறிப்புகள். புலிகளின் மகளிர் அரசியல் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2015 ஒக்டோபரில் புற்றுநோயால் இறந்தார், ஒரு கூர்வாளின் நிழலில் அடுத்த வருடம் வந்தது. புத்தகத்தைச் சுற்றி நடந்த சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்குக் கவலை வேறு. ஏன் போனேன், ஏன் நம்பினேன், எங்கே பிழைத்தது என்று பக்கத்துக்குப் பக்கம் விளக்கம் இருக்கிறது, அந்த விளக்கத்துக்குப் பின்னால் அந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டது, யாரோடு சிரித்தது என்று தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அஜித் போயகொட என்ற கடற்படை அதிகாரியின் நீண்ட காத்திருப்பு நேர் எதிர். 1994இல் மன்னார்க் கடலில் சாகரவர்தன கப்பல் தாக்கப்பட்டபோது புலிகளிடம் பிடிபட்டு 2002 வரை கைதியாக இருந்தவர். பெரிதாக எதையும் நிரூபிக்கப் போகாமல் நாள் எப்படிப் போனது, காவலுக்கு நின்றவர்கள் எப்படி நடந்தார்கள், செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுவந்த கடிதங்களுக்காக எப்படிக் காத்திருந்தார் என்று சொல்லிக்கொண்டு போகிறார். எங்கட பிள்ளைகள் மனுசராகத் தெரிகிற ஒரு நினைவுக்குறிப்பை அந்தப் பக்கத்து அதிகாரி எழுதியிருக்கிறார் என்பதை நினைக்க எனக்குத் தொண்டை அடைத்தது.

கடைசியாக சோனாலி தெரணியகலவின் புத்தகம், ஆங்கிலத்தில், அகராதியோடு. 2004 டிசம்பர் 26 சுனாமிக் காலையில் தெற்கே யாலவில் அவருடைய கணவர், இரண்டு மகன்மார், தாய், தகப்பன் எல்லோரையும் கடல் கொண்டுபோனது. அவர் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை, தனக்கும் சொல்லவில்லை. சிதைவுகளுக்குள் தன் வீட்டாரின் பொருட்களைத் தேடித் திரும்பத் திரும்ப யாலவுக்குப் போகிற பகுதியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அதே காலையில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். இங்கே நாவலடி, டச்பார் எல்லாம் எங்கட கண்ணுக்கு முன்னால். எங்களில் யார் அப்படி ஒரு புத்தகம் எழுதினார்கள்? நாவலில் எங்கட சந்தை, எங்கட பெத்தா, எங்கட பேச்சு எல்லாம் வருகிறது. “நான்” என்று சொல்லி எழுதத் தொடங்கினதும் அதெல்லாம் எங்கே போகிறது? உங்களுக்குத் தெரிந்த புத்தகம் இருந்தால் சொல்லுங்கள், சின்னதாக அச்சடித்த நினைவு மலராக இருந்தாலும் பரவாயில்லை.

தில்லையாறு (அக்கரைப்பற்று)

தங்கச்சி, கசகறணத்தைப் பெத்தாவுக்கு வாசித்துக் காட்டினது நல்ல வேலை, அதை அப்படித்தான் வாசிக்க வேண்டும். விமல் குழந்தைவேலின் வெள்ளாவியும் தேடி வாசியுங்கள், வண்ணார் குடும்பங்களின் கதை, கசகறணத்தை விட எனக்கு அதுதான் நெருக்கம்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: நாவலில் பெயரை மாற்றலாம். நினைவுக்குறிப்பில் ஏலாது. எங்கட ஊர் எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள். 80களில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தது, யார் யாரை வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது எல்லாம் எங்கட அம்மாவுக்குத் தெரியும், பெயரோடு தெரியும். அதில் ஒருவர் அடுத்த வேலி. இன்னொருவரின் பேத்தியை எங்கட குடும்பத்தில் கட்டியிருக்கிறோம். கோயில் சடங்கு வந்தால் குடிமுறைப்படி (தாய்வழிக் குடிகளின் ஒழுங்குப்படி) அந்த ஆட்களோடு சேர்ந்துதான் நிற்க வேண்டும். அம்மா சந்தையில் மரக்கறி விற்றவ, நாவலில் வருவது போலவே பக்கத்துக் கடை ஒரு உம்மாவுடையது. அந்த உம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் விடிய விடியச் சொல்லுவா. எழுதட்டா என்று கேட்டேன். “எழுது மனே, ஆனா நான் சாகட்டும், மறுகா எழுது” என்றா. அதைப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன், உயிரோடு இருக்கிறவர்களுக்கு அவ கொடுக்கிற மரியாதை அது.

ஓட்டமாவடியான்

தங்கச்சி, உம்மத் பற்றி நீங்கள் சொன்ன குறை எனக்குச் சரியாகப் படவில்லை. யுத்தம் முடிந்த காலத்தில் நான் சமூக வேலை செய்தவன். அப்படித் திரும்பி வந்த பெண்களைக் கண்டதெல்லாம் கூட்டங்களில்தான், பிளாஸ்டிக் கதிரையில் வட்டமாக இருத்திப் பேசச் சொல்லுவோம். நாலாவது கூட்டத்தில் அந்தப் பிள்ளைகள் எங்கட வார்த்தைகளிலேயே பேசத் தொடங்கிவிடுவார்கள், வாழ்வாதாரம், மீளிணைப்பு என்று. சொந்தத் துயரத்தைச் சொல்லவும் இரவல் சொல்தான் இருந்தது. நாவலில் அந்தப் பேச்சு வருகிற இடமெல்லாம் எனக்கு அந்தக் கதிரைகள்தான் கண்ணுக்குள் வந்தன.

ஆர். எம். நௌஸாத்தின் கொல்வதெழுதுதல் 90, நட்டுமை இரண்டையும் உங்கள் பட்டியலில் சேருங்கள். சாய்ந்தமருதுக்காரர். வயல்காரச் சனத்தின் பேச்சுக்காகவே நட்டுமையை இரண்டு தரம் வாசித்தேன்.

நினைவுக்குறிப்பு ஏன் இல்லை என்றால், 1990ஐ எடுங்கள். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் எங்கட முஸ்லிம் சனம் செத்தது. அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் உங்கட தமிழ்ச் சனம் செத்தது, வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களைக் கொண்டுபோனார்கள். என்னுடைய பக்கத்தை மட்டும் எழுதினால் அது பாதி. உங்கள் பக்கத்தை எழுத எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். இந்த இடத்திலேயே என் பேனை நின்றுவிடுகிறது, பல வருடமாக நிற்கிறது. நாவல்காரருக்கு இரண்டு வீட்டுக்குள்ளும் போக வழி இருக்கிறது, எனக்கு அது இன்னும் கிடைக்கவில்லை.

பழைய வாத்தியார் (களுவாஞ்சிகுடி)

மகள், தமிழினியின் புத்தகத்தை அவசரப்பட்டு வாசித்திருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. சரணடைந்ததற்குப் பிறகு வருகிற சிறைப் பகுதியைத் திரும்ப எடுங்கள். அங்கே விளக்கம் குறைகிறது, மற்றப் பெண் கைதிகள் வருகிறார்கள், எழுத்தே மாறுகிறது. கிழக்கில் அவர் இருந்த நாட்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார், எங்கட ஆட்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நோயோடு இருந்துகொண்டு எழுதினவர், நேரம் இல்லாதவர் முதலில் கணக்கைத்தான் தீர்ப்பார். சிரித்த கதை எழுத வயது கிடைக்கவில்லை.

நீங்கள் கேட்ட மாதிரி, “நான்” என்று தொடங்கி மட்டக்களப்பும் வருகிற புத்தகம் ஒன்று இருக்கிறது. எழுத்தாளர் எஸ்.பொ.வின் வரலாற்றில் வாழ்தல், இரண்டு பெரிய பாகம். பிறந்தது யாழ்ப்பாணம், ஆனால் படிப்பிக்க இங்கே வந்து, இங்கேயே கலியாணம் முடித்து, நீண்ட காலம் இருந்தவர். அவர் சண்டை பிடிக்கிற பக்கங்கள் ஏராளம், அதில் எனக்கு உடன்பாடு இல்லாதது பாதிக்கு மேல். அதையெல்லாம் தாண்டிப் போனால் அந்தக் காலத்து ஊரும் மனிதரும் சாப்பாடும் கொட்டிக் கிடக்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைக்காமல் எழுதினவர், அதனால்தான் ஊர் உள்ளே வந்தது என்று நினைக்கிறேன்.

பாண்டிருப்புக் கடற்கரை

நான் வழக்கமாக வாசித்துவிட்டுப் போகிறவன், எழுதுவதில்லை. சுனாமி பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

அப்பாவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. 80 பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிப்பது. முகாமில் இருந்தபோது எங்கட ஒழுங்கையில் செத்தவர்களின் பெயரை வீட்டு வரிசைப்படி எழுதத் தொடங்கினார், கடல் பக்கத்து முதல் வீட்டில் இருந்து. பெயர், வயது, அதற்குப் பிறகு ஒரு வரி. வலை பின்னினால் முடிச்சு அவிழாது. கடன் 350 ரூபா தரவேண்டும், இனி வேண்டாம். இந்தப் பிள்ளை சைக்கிள் பழகினது எங்கட வளவுக்குள். அப்படி. எங்கட வீடு வருகிற இடத்தில் அம்மாவின் பெயரும் தங்கச்சியின் பெயரும் இருக்கிறது, வயது இருக்கிறது, அந்த ஒரு வரி இல்லை. இரண்டு வரி அளவு இடம் விட்டிருக்கிறார். அடுத்த வீடு தொடர்கிறது.

அது புத்தகமா என்று எனக்குத் தெரியாது.

வாவிக்கரை

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சேர், சிறைப் பகுதியை நேற்று இரவு திரும்ப வாசித்தேன், நீங்கள் சொன்னது சரி, நான் அதை ஓட்டமாக வாசித்திருக்கிறேன். ஓட்டமாவடி நானா, உங்கள் பதிலுக்குப் பிறகு உம்மத்தைப் பற்றிச் சொன்னதை நான் திரும்ப எடுக்கிறேன், அந்தக் கதிரைகளை நான் யோசிக்கவே இல்லை. நீங்கள் பாதி எழுதினாலும் எழுதுங்கள், மற்றப் பாதியை எழுத இங்கே ஆள் இருக்கிறது. தில்லையாறு அண்ணன், அம்மாவின் கதைகளை எழுதாவிட்டாலும் போனில் குரலைப் பதிந்து வையுங்கள், பெத்தா அந்த ஒரு வசனத்தைச் சொன்ன மாதிரியை எழுத்தில் வைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

பாண்டிருப்புத் தம்பி, உங்கள் பதிலை நாலு தரம் வாசித்தேன். அப்பா விரும்பினால் மட்டும், நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருகிறேன், அவருக்குப் பக்கத்தில் இருந்து கொப்பியைத் தட்டச்சு செய்து தருகிறேன், வெளியே யாருக்கும் போகாது. விட்டிருக்கிற அந்த இரண்டு வரி இடத்தை அப்படியே விட்டுத்தான் அடிப்பேன்.