ஈறோரத்து இளஞ்சிவப்புப் புள்ளி: பல் வேர் கரைதல் குறித்த அனுபவங்கள்

திருச்சி உறுப்பினர்:

மேல் முன்பல்லில் ஈறை ஒட்டி மிளகளவு இளஞ்சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. வலியில்லை, கூச்சமுமில்லை. முதலில் பார்த்த மருத்துவர் ஒரே எக்ஸ்ரேயில் சொத்தை என்று முடிவு செய்து அடைத்தார். சில மாதங்களில் அடைப்பின் ஓரமாக ஈறுச்சதை வளர்ந்து, பல் துலக்கும்போதெல்லாம் இரத்தம் கசியத் தொடங்கியது.

பின்னர் சென்ற வேர் சிகிச்சை நிபுணர், வாயைத் திறக்கச் சொல்லும் முன்பே, சிறு வயதில் பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தேனா, முன்பல்லில் அடிபட்டதுண்டா என்று விசாரித்தார். கம்பி கட்டியிருந்தேன். அடைப்பை எடுத்துவிட்டு, கூர்முனைக் கருவியால் பள்ளத்தின் அடியைச் சுரண்டினார். சொத்தையாயின் முனை மெத்தென்று இறங்கும், இங்கோ கரகரவென்ற ஒலி எனக்கே கேட்டது. எக்ஸ்ரே குழாயைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்த இரண்டாவது படத்தில் கறுப்பு நிழல் இடம் மாறியிருந்தது. அதனூடே வேர்க்குழாயின் கோடுகள் சிதையாமல் தெரிந்தன. பள்ளம் குழாய்க்குள் இல்லை, வேரின் வெளிப்புறத்தில் என்பதற்கு அதுவே அடையாளம்: என் உடலின் செல்களே வேரை வெளியிலிருந்து அரித்துவந்திருக்கின்றன. பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் ஆழத்தைப் பார்த்தபின், ஈறைத் திறந்து அச்சதையைச் சுரண்டியெடுத்து, மிச்சத் திசுவை அழிக்க 90% டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வைத்து அடைத்தார். பல்லின் நரம்பு தப்பியது. ஸ்கேன் எழுதிக் கொடுத்தாலே காசு பறிக்கிறார்கள் என்று பேசுவது நம் வழக்கம். இந்த நோயில் அப்பேச்சு பொருந்தாது.

நாகர்கோவில் உறுப்பினர் (பல் மருத்துவர்):

சகோதரியின் பதிவைப் படித்தேன். பிடிஎஸ் முடித்த எவருக்கும் இந்நோயின் பெயர் தெரியும். உள்ளிருந்து கரைவதா, வெளியிலிருந்து கரைவதா என்று பிரித்தறிவதில்தான் எங்களில் பலர் தடுமாறுகிறோம். உள்ளே கரைந்தால், அரிக்கும் செல்கள் பற்கூழின் (பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்திசுவின்) இரத்தத்தை நம்பியிருப்பதால், ரூட் கெனால் செய்ததும் கரைதல் நின்றுவிடும். ஈறை ஒட்டிய பல்லின் கழுத்துப் பகுதியில் வெளியிலிருந்து கரையும்போது இரத்தம் ஈறிலிருந்தும் வேரைச் சுற்றியுள்ள திசுவிலிருந்தும் வருகிறது. அங்கே ரூட் கெனால் மட்டும் செய்து பயனில்லை. அப்படி ரூட் கெனால் முடித்தும் பள்ளம் விரிந்துகொண்டே போன பல்லுடன் ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் ஹீதர்சே 1999இல் இந்நோயின் தீவிரத்தை வைத்து வகுத்த நான்கு நிலைகளில் அது கடைசி நிலை. அந்நிலையில் தோண்டினால் மிச்சமிருக்கும் வேரும் போய்விடும் என்பதால், தொந்தரவு தராத பல்லைக் கண்காணித்து வரச் சொல்லிவிட்டேன். அது கைவிடுதல் அன்று, அதுவும் மருத்துவமே.

இன்னொன்று, அடிபட்டுத் தெறித்து விழுந்த பல். ஒரு மணி நேரத்துக்கு மேல் உலர்ந்துவிட்ட பல்லைத் திரும்பப் பொருத்தினால், பெரும்பாலும் வேரைத் தின்று அவ்விடத்தில் எலும்பு வளரும். கருவியின் பிடியால் தட்டினால் உலோகம் போல ஒலிக்கும். வளரும் பிள்ளைகளுக்கு அப்பல் மட்டும் பக்கத்துப் பற்களோடு சேர்ந்து இறங்காமல் குட்டையாகவே நின்றுவிடும். பெரியவர்களுக்கு அதே பல் பல ஆண்டுகள் உழைக்கலாம். அதை அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டியதில்லை.