தணிக்கை நிறுவன நேர்காணலில் வேலைநேரம் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

செங்கை_மாணவி:
வணக்கம். சி.ஏ. இறுதித் தேர்வில் தேறிய பின், சென்னையிலுள்ள ஒரு தணிக்கை நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்ற வாரம் போயிருந்தேன். "ஏப்ரல், மே மாதங்களில் இரவு பதினொரு மணி வரைகூட இருக்க வேண்டிவரும், முடியுமா?" என்று கேட்டார்கள். "எவ்வளவு நேரமானாலும் இருப்பேன்" என்றேன். அந்தப் பதில் போதவில்லை என்பது கேட்டவரின் முகத்திலேயே தெரிந்தது. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வந்துபோகிறேன் என்பதைச் சொல்லவும் தயங்கிவிட்டேன். வரும் திங்கட்கிழமை வேறொரு நிறுவனத்தில் நேர்காணல் இருக்கிறது. அங்கே என்ன சொல்வது?

பேரேடு:
நான் பல ஆண்டுகளாக மேசையின் மறுபக்கம் அமர்ந்து கேள்வி கேட்பவன். "முடியும்" என்று எல்லோருமே சொல்வதால், அந்தச் சொல்லிலிருந்து எங்களுக்கு எதுவும் தெரியவருவதில்லை. இரவு ஏன் நீள்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா என்பதைத்தான் பார்க்கிறோம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டு முடிவுகளை, நிதியாண்டு முடிந்த 60 நாள்களுக்குள், அதாவது மே 30-க்குள், வெளியிட்டாக வேண்டும். மற்ற காலாண்டுகளுக்கு 45 நாள்கள். வங்கிக் கிளைத் தணிக்கையோ ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்து நிற்கும். டாக்ஸ் ஆடிட், அதாவது வருமான வரிக்கான தணிக்கை, செப்டம்பரை விழுங்கும்.

இந்த நாள்காட்டியைச் சொல்லிவிட்டு, ஆர்ட்டிக்கிள்ஷிப்பில், அதாவது சி.ஏ. படிப்பின் அலுவலகப் பயிற்சிக் காலத்தில், நீங்கள் வேலையில் கழித்த ஓர் இரவைப் பற்றிச் சொல்லுங்கள். எங்களிடம் நேர்காணலுக்கு வந்த ஒரு பெண், 90 நாள்களுக்கு மேல் தவணை நிலுவையிலுள்ள கடன்களின் பட்டியலைக் கிளையில் மாலையில்தான் கேட்டு வாங்கியதால் பத்து மணி வரை உட்கார நேர்ந்ததையும், மறுநாள் முதல் வேலையாக அதைக் காலையிலேயே கேட்டு வாங்கியதையும் இரண்டே நிமிடங்களில் விளக்கினார். நேரத்தைத் தாங்குபவர் என்பதோடு, அதை வீணாக்காதவர் என்பதும் அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசி_ரயில்:
சகோதரி, ரயில் விஷயத்தை மறைக்காதீர்கள். "கடைசி வண்டிக்குப் பிறகும் இருக்க வேண்டிய நாள்களில், வீடு திரும்ப நிறுவனம் வண்டி ஏற்பாடு செய்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள், வேலை நடக்கும் விதத்தை எண்ணிப் பார்த்தவர் கேட்கும் கேள்வி அது. வேலையில் சேர்ந்த பிறகு அதைச் சொல்லித் திண்டாடியவள் நான்.

இன்னொன்று. ஆர்ட்டிக்கிள்ஷிப் மாணவருக்கு வாரம் 35 மணி நேரம் என்பதே நம் பட்டயக் கணக்காளர் கழகத்தின் விதி. நான் பயின்ற அலுவலகத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நேர்காணலில் அந்தக் கசப்பை நான் நெடுநேரம் கொட்டியதால், கற்ற வேலையைப் பற்றிப் பேச நேரமே இல்லாமல் போயிற்று. நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள்.

மும்பை_மேசை:
பேரேடு சொல்வது தணிக்கைக்குச் சரி. நிறுவனங்களின் பங்கு வெளியீடு, இணைப்பு போன்றவற்றைக் கையாளும் முதலீட்டு வங்கிப் பணிக்கும் விண்ணப்பிப்பவர்கள் அதையே ஒப்பிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே நாள்காட்டி உதவாது, ஏனென்றால் வாடிக்கையாளரின் திருத்தம் மாலையில் வரும், மறுநாள் காலைக்குள் எல்லாம் மாறியிருக்க வேண்டும். 2024-இல் அமெரிக்க வங்கியான ஜேபி மார்கன் தன் இளநிலை வங்கியாளர்களுக்கு வாரத்துக்கு 80 மணி நேரம் என்று உச்சவரம்பு விதித்தது செய்தியானது. வரம்பே அவ்வளவு என்றால், வரம்பில்லாத வாரங்கள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

செங்கை_மாணவி:
மூவருக்கும் நன்றி. என் வங்கிக் கிளைத் தணிக்கை அனுபவத்தை எழுதிப் பார்க்கிறேன். தொலைவைப் பற்றிக் கேட்டால் அது குறையாகத் தோன்றாதா?

பேரேடு:
எந்த வாடிக்கையாளர்களின் தணிக்கைக் குழுவில் போடுவார்கள் என்று கேளுங்கள். உற்பத்தி நிறுவனங்கள் என்றால் மார்ச் 31-ஐ ஒட்டிக் கையிருப்புச் சரக்கை எண்ணத் தொழிற்சாலைக்கே போக வேண்டும். தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்துக்கு, சென்னை நடுவிலுள்ள நுங்கம்பாக்கத்துக்காரரைவிட நீங்கள் முன்னதாகப் போய்ச் சேர்வீர்கள், அதையும் சொல்லுங்கள்.