சவுண்ட் கார்டு இல்லாத கேமிங் பிசி அரை பிசியா?

நள்ளிரவுநரி:
"தனி சவுண்ட் கார்டு போடாத கேமிங் பிசி அரை பிசிதான்" என்று பழையபெட்டி அண்ணன் நேற்று எழுதியிருந்தார். புதிதாக பிசி வாங்க வந்த பையன் அதை நம்பி, கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்த பணத்தில் 6,000 ரூபாயைக் குறைக்கப் போகிறான். எனக்குப் பொறுக்கவில்லை. அவன் எடுக்கும் மதர்போர்டிலேயே ஒலிக்கென்று ரியல்டெக் ஏஎல்சி1220 சிப் இருக்கிறது. அதன் சிக்னல்-நாய்ஸ் அளவு, அதாவது இரைச்சலைவிட ஒலி எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பது, 120 டெசிபல். சிடி தரத்து 16 பிட் ஒலிக்கே 96தான். இதற்கு மேல் யார் காதுக்கு?

பழையபெட்டி:
120 என்பது தாளில் போட்ட எண், தம்பி. என் பிசியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மவுஸை நகர்த்தினால் 'கிர்ர்' என்று கேட்கும். மவுஸை நிறுத்தினால் நின்றுவிடும். கார்டு போட்டேன், கிர்ர் போயே போய்விட்டது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

நள்ளிரவுநரி:
முன்பக்க ஜாக்கில் மாட்டியிருப்பீர்கள். அந்த ஒயர் கிராபிக்ஸ் கார்டை ஒட்டியே ஓடுகிறது, வழியில் இருக்கும் இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொள்ளும். பின்பக்க ஜாக்கில் மாட்டிப் பார்த்தீர்களா?

பழையபெட்டி:
மேசைக்கு அடியில் தவழவா 80,000 ரூபாய் போட்டு பிசி வாங்கினேன்? மவுஸ் நகர்ந்தால் கிர்ர். கார்டு போட்டால் இல்லை. அவ்வளவுதான்.

கோவைவயர்மேன்:
எர்த் சரியாக இருக்கிறதா பாருங்கள். எங்கள் வீட்டு பிளக்கில் மூன்றாவது பின்னுக்கு ஒயரே கொடுக்காமல் விட்டிருந்தார்கள். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்னும், ஸ்பீக்கரில் சத்தம் வரும். எர்த் கொடுத்ததும் இரண்டும் நின்றன.

பழையபெட்டி:
அது 'உம்ம்' என்று வரும் சத்தம். நான் சொல்வது கிர்ர். படித்துவிட்டு எழுதுங்கள்.

ஏ3டி_ரசிகன்:
சவுண்ட் கார்டுக்கு ஒரு காலம் இருந்தது, மறுக்கவில்லை. 1998இல் வந்த ஆரியல் வோர்டெக்ஸ் 2 கார்டில் எதிரி தலைக்குப் பின்னால் நடப்பது அப்படியே கேட்கும். சவுண்ட் பிளாஸ்டர் கார்டுகளை விற்ற போட்டிக் கம்பெனி கிரியேட்டிவ் அதன்மேல் வழக்குப் போட்டது. ஆரியல் ஜெயித்தது, ஆனால் வழக்குச் செலவிலேயே நொடித்துப்போனது. 2000இல் அதன் சொத்தைக் கிரியேட்டிவே வாங்கிக்கொண்டது. அப்புறம் 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்து, டைரக்ட்சவுண்ட் என்ற விண்டோஸ் ஒலி மென்பொருளை நம்பிய கேம்கள் கார்டின் சிப்பைப் பயன்படுத்தும் வழியையே மூடிவிட்டது. இன்று அந்த ஒலிக் கணக்கையெல்லாம் பிராசஸரே போடுகிறது.

பழையபெட்டி:
கிரியேட்டிவைக் குறை சொல்லாதீர்கள். 1989இல் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்து பிசிக்குக் குரல் கொடுத்தவர் சிங்கப்பூர்க்காரர் சிம் வோங் ஹூ. அதற்கு முன் பீப் பீப்தான்.

ஏ3டி_ரசிகன்:
ஆட்லிப் சவுண்ட் கார்டு 1987லேயே வந்துவிட்டது.

பழையபெட்டி:
ஆட்லிப் இசை மட்டும்தான் வாசிக்கும். துப்பாக்கிச் சத்தத்தை, மனிதக் குரலைப் பதிவு செய்தபடி கேட்கவைத்தது சவுண்ட் பிளாஸ்டர். எனக்கே பாடமா? நான் சென்னை ரிச்சி தெருவில் கார்டு தேடி அலைந்தபோது நீங்கள் பள்ளிக்கூடம் போயிருப்பீர்களா?

நள்ளிரவுநரி:
கதை போதும். அண்ணே, கார்டு போட்டபின் ஹெட்போனை எங்கே மாட்டினீர்கள்?

பழையபெட்டி:
கார்டின் பின்னால்தான். எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன்.

நள்ளிரவுநரி:
அதைத்தான் கேட்கிறேன். கார்டை மட்டுமா மாற்றினீர்கள்? முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கும் போயிருக்கிறீர்கள். அதே ஒயரை மதர்போர்டின் பச்சை ஜாக்கில் மாட்டிப் பாருங்கள்.

பழையபெட்டி:
போன வருடம் நீ சொன்ன எஸ்எம்பிஎஸ்ஸை (பிசிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வாங்கினேன், 4 மாதத்தில் புகைந்தது. இப்போது பச்சை ஜாக் என்கிறாய்.

நள்ளிரவுநரி:
நான் சொன்னது 650 வாட். நீங்கள் வாங்கியது கடைக்காரர் கையில் கொடுத்த 450.

ஸ்டுடியோகுமார்:
என்னுடையது மின்தடை அதிகமான 250 ஓம் ஹெட்போன். மதர்போர்டில் முழு வால்யூம் வைத்தாலும் போதவில்லை. யுஎஸ்பியில் மாட்டி ஹெட்போன் ஒலியைக் கூட்டித் தரும் டாக்-ஆம்ப் பெட்டி வாங்கினேன், சரியானது. சாதாரண 32 ஓம் கேமிங் ஹெட்செட்டுக்கு அது தேவைப்படாது.

பழையபெட்டி:
பார்த்தீர்களா, அவரும் தனியாகத்தான் வாங்கியிருக்கிறார்!

ஸ்டுடியோகுமார்:
நான் சவுண்ட் கார்டு என்று சொல்லவே இல்லை.

பழையபெட்டி:
ஒலிக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்பதுதானே என் கட்சி? பெயர் எதுவானால் என்ன? மவுஸ் நகர்ந்தால் கிர்ர், கார்டு போட்டால் இல்லை. நேற்றும் சொன்னேன், நாளையும் சொல்வேன்.

நள்ளிரவுநரி:
பச்சை ஜாக், அண்ணே. 2 நிமிட வேலை.

பழையபெட்டி:
முதலில் அந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பதில் சொல்.